குளிருக்குப் பயந்து மாரத்தானை விடலாமா?

மார்ச் கடைசியில் மாரத்தான், பெயர் கொடுத்தாயிற்று, இப்போதைக்கு 10 கிலோமீட்டர் ஓட முடிகிறது, ஆனால் காலை இருட்டும் குளிரும் சேர்ந்து பாதி நாள் எழவே விடுவதில்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலக வேண்டாம். இன்னும் 18 வாரம் இருக்கிறது, 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது தாராளம்.

முதலில் நீங்கள் வைத்திருக்கும் வாரம் ஆறு நாள் ஓடும் திட்டத்தைத் தூக்கிப் போடுங்கள், நான்கு நாள் போதும். அதில் எக்காரணத்துக்காகவும் விடக்கூடாதது வார இறுதி நீண்ட ஓட்டம் ஒன்றுதான். அதை ஏன் இருட்டில் ஓட வேண்டும்? வெயில் வந்த பிறகு கிளம்புங்கள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் ஓடுங்கள், வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, 30 அல்லது 32 வரை போனால் சரி. மாரத்தானின் முழு 42.195 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள் (இங்கேதான் பலர் பதறிப்போய்க் கூடுதலாக ஓடித் தொலைக்கிறார்கள்).

உடை விஷயம். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் நடுங்க வைக்கும். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வழியை வையுங்கள், இல்லையென்றால் வியர்த்த உடம்பில் குளிர்காற்று அடிக்கும். தரையில் பனி உறைந்திருந்தால் வீரம் காட்டாமல் டிரெட்மில். அப்புறம் தண்ணீர், குளிரில் தாகம் சரியாகத் தெரியாது.