கோட்டுக்கு வெளியே கலர் போனால் போகட்டும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகனுக்கு நாலரை வயது, ஜூனியர் கேஜி. கோட்டுக்குள் கலர் அடிக்க வரவில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். அப்பாவை வரையச் சொன்னால் வட்டம் போட்டு அதிலிருந்தே காலை இழுக்கிறான். டிராயிங் கிளாஸ்காரர் ஒருவர், இப்போதே சேர்த்தால்தான் எலிமெண்டரி பரீட்சைக்குத் தயாராவான், 9,000 ரூபாய் என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். அவர் சொல்லும் எலிமெண்டரி, இன்டர்மீடியட் இரண்டும் மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பரீட்சைகள், பிள்ளைகள் பெரும்பாலும் 7, 8-ஆம் வகுப்புக்கு மேல்தான் எழுதுவார்கள். பத்தாம் வகுப்பில் கூடுதல் மார்க் கிடைக்கும் என்பது ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்கான பேச்சு. நாலரை வயதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இதே ஆட்கள் அடுத்து 'தேசிய அளவு' போட்டி என்று கட்டணம் வாங்குவார்கள், வந்த எல்லோருக்கும் மெடல் கொடுப்பார்கள், படத்தில் பாதியை சாரே திருத்தியிருப்பார். எந்த கிளாஸுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பாருங்கள், இருபது யானை இருந்து இருபதும் ஒரே பக்கம் தும்பிக்கையைத் தூக்கியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதனைத் தலைப்பிரட்டை மனிதன் என்போம். மூன்று, நான்கு வயதில் எந்த ஊர்ப் பிள்ளையும் அப்படித்தான் வரையும், உடம்பு பிறகு தானாக வரும். நீங்கள் வரைந்து காட்டாதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனிடம் "அப்பா லுங்கியை எங்கே கட்டுவார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தான், அப்புறம் அதற்கு மேலே தொப்புளுக்கு ஒரு புள்ளி வைத்தான். உடம்பு வந்துவிட்டது.

கோட்டுக்குள் நிற்க விரலிலும் மணிக்கட்டிலும் பலம் வேண்டும், அது அச்சடித்த ஆப்பிளுக்குக் கலர் அடித்து வராது. கிரேயானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். பழைய பேப்பரைச் சுவரில் அவன் தோள் உயரத்துக்கு ஒட்டி நின்றுகொண்டே வரைய விடுங்கள். சப்பாத்தி மாவு பிசையட்டும், வாசலில் கோலப்பொடியைக் கிள்ளிப் போடட்டும். தாராவி கும்பார்வாடாவில் குயவர்களிடம் களிமண் கேட்டு வாங்கி வரலாம். 2020 கல்விக் கொள்கையே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகப் படிக்கட்டும் என்கிறது. ஆனால் ஓப்பன் ஹவுஸ் அன்று பெற்றோர் புரட்டிப் பார்க்க ஃபைல் நிறைய வேண்டுமே, அதற்காகக் குழந்தை தலையில் ஷீட்டாகக் கட்டுகிறார்கள். டீச்சரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சூரியனுக்கு ஊதா அடித்தால் அது அவன் ஆசை, விட்டுவிடுங்கள். ஆனால் பச்சை கேட்டால் பழுப்பை எடுக்கிறான், இலைக்கு ஒருநாள் பச்சை, ஒருநாள் பழுப்பு, நீலமும் மஞ்சளும் மட்டும் தப்புவதே இல்லை, இப்படி வாரக்கணக்கில் நடந்தால் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாத நிறக்குறையா என்று பார்க்க வேண்டும். பையன்களுக்குத்தான் இது அதிகம், அம்மா வழியாக வருவது. பையனுடைய அம்மாவின் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ அப்படி உண்டா என்று ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு, புள்ளிகளுக்கு நடுவே வளைந்து போகும் பாதையை விரலால் தொடச் சொல்லும் அட்டைகள் இருக்கின்றன. நிறக்குறைதான் என்று தெரிந்தால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் கிரேயான் ஒவ்வொன்றிலும் அதன் பெயரை ஒட்டி வையுங்கள், எழுத்துக் கூட்டப் பழகியதும் அவனே பார்த்து எடுத்துக்கொள்வான்.