ஹேபலுக்கு வேலை குறைவாக இருந்திருந்தால்

வணக்கம் சார்,

நீங்கள் பரிந்துரைத்த ஜெர்மன் எழுத்தாளர் யோஹான் பீட்டர் ஹேபலின் சுரங்கத் தொழிலாளி கதையை ஆங்கிலத்தில் படித்தேன். கல்யாணத்துக்கு முன் சுரங்கத்தில் செத்தவனின் உடல் ஐம்பது வருடம் கழித்து இளமை மாறாமல் கிடைக்கிறது, கிழவியாகிவிட்ட காதலி அடையாளம் காட்டுகிறாள். தூக்கமே வரவில்லை. அப்புறம் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் போதகர், பள்ளி இயக்குநர், திருச்சபை அதிகாரி. இந்த உத்தியோகச் சுமை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார்!

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுமை இல்லையென்றால் அவர் எழுதியே இருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஹேபல் ஆசைப்பட்டது ஒரு கிராமத்துச் சபைக்குப் போதகராக இருக்க. எர்லாங்கனில் இறையியல் படித்து 1780-ல் தேர்வும் எழுதிவிட்டார், சபை கிடைக்கவில்லை. வீட்டு ஆசிரியர் வேலை, லோராக்கில் பள்ளி வேலை, 1791-ல் பாடன் நாட்டின் (இன்றைய தென்மேற்கு ஜெர்மனி) தலைநகர் கார்ல்ஸ்ரூஹே பள்ளிக்கு மாற்றம், 1808-ல் அதற்கே இயக்குநர், 1819-ல் பாடன் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பிரிலேட், அதாவது தலைமைக் குரு. ஒவ்வொரு பதவி உயர்வும் கிராமத்தை இன்னும் எட்டாமல் ஆக்கியது. அறுபதை ஒட்டிய வயதில், கிடைக்கவே கிடைக்காத ஒரு கிராமச் சபைக்கு முதல் பிரசங்கம் எழுதி வைத்திருக்கிறார், பாவம்.

ஆனால் ஊர்ப்பேச்சில் அவர் எழுதிய அலெமானியக் கவிதைகள் (1803) அந்தத் தூரத்திலிருந்து வந்தவை. கோதே அவற்றைப் பாராட்டி மதிப்புரை எழுதினார். அதில் நிலையாமை பற்றிய கவிதையைப் படியுங்கள். இரவில் மாட்டுவண்டியில் போகும்போது இடிந்த ரோட்டலன் கோட்டையைக் காட்டி, நம் வீடும் இப்படி ஆகுமா என்று பையன் கேட்கிறான். அப்பாவின் பதில் பக்கத்து சுவிஸ் நகரமான பாசல் அழிந்து, உலகமே எரிந்துபோவது வரை நீள்கிறது, நடுநடுவே மாட்டையும் அதட்டிக்கொள்கிறார். 1773-ல் பாசலிலிருந்து நோயோடு ஊருக்குத் திரும்பிய ஹேபலின் அம்மா, பதின்மூன்று வயது மகன் பக்கத்தில் இருக்க, மாட்டுவண்டியிலேயே உயிரைவிட்டது அதே சாலையில்தான். கவிதை இதைச் சொல்வதில்லை.

கதைகளோ நேராக அலுவலகக் கோப்பிலிருந்தே வந்தவை. பாடன் நாட்டுப் பஞ்சாங்கத்தை (நாள்காட்டியோடு கதைகளும் வரும் வருடாந்திர வெளியீடு) வெளியிட்டது அவருடைய பள்ளி, மக்களுக்கு அது பிடிக்கவில்லை. எப்படித் திருத்தலாம் என்று ஹேபல் அறிக்கை எழுத, கடைசியில் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. யோசனை சொன்னவன்தானே எந்த ஆபீஸிலும் மாட்டிக்கொள்வான்! நீங்கள் படித்த கதை 1811-ம் ஆண்டுப் பஞ்சாங்கத்துக்காக எழுதியது. விவசாயிக்குப் புரியவேண்டும், இடமும் குறைவு. அதனால்தான் அந்த ஐம்பது வருடம் ஒரே பத்தியில் ஓடுகிறது: லிஸ்பன் பூகம்பம், ஏழாண்டுப் போர், போலந்துப் பிரிவினை, நெப்போலியன், கூடவே விதைத்தார்கள், அறுத்தார்கள், மாவு அரைத்தார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்தில் காதலியை அழவைத்திருப்பார்கள்.

1815 பஞ்சாங்கத்தில் வந்த ஒரு கதையைக் கத்தோலிக்கர்கள் எதிர்க்க, அரசு அதை எடுக்கச் சொன்னது. ஹேபல் பொறுப்பை விட்டுவிட்டார். அதற்கப்புறம் கதைகள் சொற்பம்தான். பெரிதாக வந்தது 1824-ன் விவிலியக் கதைகள், அதுவும் பள்ளிப் பாடநூல். 1826-ல் இறந்ததுகூடப் பள்ளித் தேர்வுகளுக்காகப் போன பயணத்தில்.

பஞ்சாங்கக் கதைகளின் தொகுப்பு முழுசாகவே ஆங்கிலத்தில் கிடைத்தால் விடாதீர்கள். சோகக் கதைகளை மட்டும் பொறுக்காமல், சுண்டல்ஃப்ரீடர் என்ற திருடன் வரும் கதைகளையும் படியுங்கள், ஒரு போதகருக்குத் திருடன்மேல் இவ்வளவு பிரியமா என்று இருக்கும்.