நாய்க்கு எத்தனை கால்? எதிர்காலவாதம்: கேள்வி பதில்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலியர்கள் ஆரம்பித்த ஃபியூச்சரிசம் என்ற கலை இயக்கம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். தமிழில் எதிர்காலவாதம் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நாய் நடக்கிற அந்தப் படம் கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே சார், இதையா பெரிய கலை என்கிறீர்கள்?

சிரிங்க, தப்பில்லை. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஜாக்கோமோ பாலா 1912-இல் வரைந்தது அது. குட்டைக்கால் கறுப்பு நாய் ஒன்று, பக்கத்தில் ஒரு பெண்ணின் பாவாடை விளிம்பும் செருப்புக் கால்களும். அவ்வளவுதான், அந்த அம்மாவுக்கு முகமே கிடையாது. நாயின் கால்களை எண்ணப் பார்த்தால் விசிறி மாதிரி விரிந்து எண்ணிக்கை தவறிப்போகும். வாலும் அப்படித்தான். நடுவில் இருக்கும் சங்கிலியைக் கவனியுங்கள்: ஒரே சங்கிலி பல வளைவுகளாக ஆடுகிறது. படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

பிரான்சில் எத்தியேன் ஜூல் மரே என்ற உடலியல் அறிஞர் ஓடுகிறவர்களையும் பறவைகளையும் ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதிவு செய்திருந்தார். பாலா கற்றது அங்கிருந்துதான். 1910-இல் எதிர்காலவாத ஓவியர்கள் கையெழுத்திட்ட அறிக்கையிலேயே ‘ஓடும் குதிரைக்கு நாலு கால் இல்லை, இருபது கால்’ என்று இருக்கிறது. பாலா அதைக் குதிரையை விட்டுவிட்டு ஒரு சின்ன நாயிடம் செய்து பார்த்தார்.

இது எப்படி ஆரம்பித்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1909 பிப்ரவரி 20. பாரிஸின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழின் முதல் பக்கத்தில் இத்தாலியக் கவிஞர் மரினெட்டியின் அறிக்கை வந்தது. கர்ஜிக்கும் மோட்டார் கார் பழைய கிரேக்கச் சிலையைவிட அழகு, அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் ஒழிக்க வேண்டும் என்றெல்லாம். இதில் வேடிக்கை, முந்தைய வருஷம்தான் இரண்டு சைக்கிள்காரர்கள் மேல் மோதாமல் இருக்கப்போய் மனுஷன் காரோடு பள்ளத்தில் விழுந்திருந்தார். அந்தச் சேற்றுக் குளியலையே அறிக்கையின் முன்கதையாக்கிவிட்டார். விளம்பரம் தெரிந்த ஆள். அப்போது எதிர்காலவாத ஓவியம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பெயர் முதலில், படம் பிறகு.

அடிதடி எல்லாம் நடந்ததாமே, உண்மையா அண்ணே?

உண்மை. 1911-இல் எதிர்காலவாதிகளின் மிலான் கண்காட்சியை சோஃபிச்சி என்ற ஃபிளாரன்ஸ்காரர் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். மரினெட்டியும் ஓவியர்கள் போச்சியோனி, கார்ராவும் ரயிலேறிப் போய், ஜூப்பே ரோஸ்ஸே காபிக்கடையில் உட்கார்ந்திருந்தவரைத் தாக்கினார்கள். சண்டை ரயில் நிலையம் வரை தொடர்ந்தது. இரண்டே வருஷத்தில் அதே சோஃபிச்சி அவர்களோடு சேர்ந்து ‘லாசெர்பா’ பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார்!

இரைச்சல் இசை என்றால் என்ன?

லூயிஜி ருஸ்ஸோலோ ஓவியர், இசைக்கலைஞர் அல்ல. தொழிற்சாலையும் டிராமும் எழுப்பும் ஒலிகளையும் இசையில் சேர்க்க வேண்டும் என்று 1913-இல் எழுதினார், அதற்குக் கருவியும் செய்தார். வெளியே பார்த்தால் மரப்பெட்டியும் முன்னால் பெரிய புனலும்தான். உள்ளே தோல் பரப்போடு இணைத்த ஒரு கம்பி. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் கம்பியை உரசும், நெம்புகோலை நகர்த்தினால் கம்பியின் இறுக்கம் மாறிச் சுருதி ஏறி இறங்கும். 1914-இல் மிலானில் கச்சேரி வைத்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் கருவிகள் காதில் விழவில்லை. அந்தப் பெட்டிகள் இன்று இல்லை, திரும்பச் செய்த பிரதிகள்தான் இருக்கின்றன.

இவர்கள் எல்லாம் ஃபாசிஸ்டுகள்தானே? ஏன் கொண்டாட வேண்டும்?

மழுப்பாமல் சொல்கிறேன். முதல் அறிக்கையிலேயே போரை ‘உலகின் ஒரே சுகாதாரம்’ என்று எழுதியிருக்கிறார் மரினெட்டி. 1919 தேர்தலில் முசோலினியோடு ஒரே பட்டியலில் நின்று தோற்றார். இடையில் கொஞ்சம் விலகினாலும், 1929-இல் முசோலினி அமைத்த இத்தாலிய அகாதெமியில் உறுப்பினரானார். அகாதெமிகளையே ஒழிக்கச் சொன்னவருக்கு அகாதெமி நாற்காலி!

ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்ட மாட்டேன். கார்ராவின் பெரிய படம், 1904 வேலைநிறுத்தத்தில் கொல்லப்பட்ட அராஜகவாதி கல்லியின் இறுதி ஊர்வலத்தைப் போலீஸ் தாக்கியதைப் பற்றியது. போச்சியோனியும் கட்டடக் கலைஞர் சாந்த்’எலியாவும் ஃபாசிசம் பிறக்கும் முன்பே 1916-இல் இறந்துவிட்டார்கள். அதற்காகப் போச்சியோனி அப்பாவி என்று சொல்லவில்லை. போர் வேண்டும் என்று கத்தியவர்தான், 1915-இல் தன்னார்வ சைக்கிள் படையில் சேர்ந்தார். கடைசியில் வெரோனா பக்கம் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, 33 வயதில் போனார்.

பெண்கள் யாருமே இல்லையா?

‘பெண்ணை இகழ்வோம்’ என்ற மரினெட்டியின் அறிக்கைக்கு, பிரெஞ்சு எழுத்தாளர் வாலன்டீன் த சாங்-புவான் 1912-இல் தன் அறிக்கையாலேயே பதில் சொன்னார். நான் பார்க்கச் சொல்வது ஓவியர் பெனெதெத்தாவை. மரினெட்டியின் மனைவி என்றே அவரை அறிமுகப்படுத்துவது எரிச்சலாக இருக்கிறது. பலெர்மோ தபால் அலுவலகத்துக்காகத் தரை, கடல், வான், தந்தியும் தொலைபேசியும், ரேடியோ என ஐந்து பெரிய படங்கள் வரைந்தார்.

இத்தாலியிலிருந்து வந்த நண்பர் கொடுத்த நாணயத்தில் நடக்கிற மாதிரி ஒரு உருவம் இருக்கிறது. அது இவர்களுடையதா?

20 யூரோ சென்ட் என்றால் ஆமாம். போச்சியோனி 1913-இல் செய்த நடக்கும் உருவம். அவர் செய்தது சாந்தில். அருங்காட்சியகங்களில் நிற்கும் வெண்கலங்கள் அவர் இறந்தபின் வார்த்தவை.

கியூபிசத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? ஒரே ஒரு படம் காட்டிச் சொல்லுங்கள் சார்.

ஒன்றல்ல, மூன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: போச்சியோனியின் ‘மனநிலைகள்’, 1911. ரயில் நிலையப் பிரிவுதான் கரு. அந்த வருஷக் கடைசியில் பாரிஸ் போய்க் கியூபிஸ்டுகளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வரைந்தார். கியூபிஸ்டுகள் மேஜைமேல் இருக்கும் புட்டியையும் கிட்டாரையும் உடைத்துக் காட்டினார்கள். அதே உடைப்பை இவர் பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோனார். முதல் படத்தில் 6943 என்ற எஞ்சின் எண் மட்டும் தெளிவாக நிற்கும், சுற்றிலும் கட்டிப்பிடித்து நிற்பவர்கள் புகையில் கரைகிறார்கள். போகிறவர்களின் படத்தில் கோடுகள் சாய்வாகப் பாய்கின்றன. தங்குகிறவர்களின் படத்தில் கோடுகள் நேர்குத்தாக, அடைமழை மாதிரி விழுகின்றன. அதற்குள்ளே தோள் தொங்கிப்போய் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்.