சின்ன ஆபீசுக்கு ஸ்பேர் ரவுட்டர் வாங்கி வைத்தால் போதுமா?

பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அநேகமாக உங்களிடம் ஒன்று ஏற்கெனவே பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கும்.

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் போவதற்கு முன்பே அப்படி ஒரு ஸ்பேர் இருந்தது. 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். சாயங்காலம் கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் செத்துவிட்டது. அவர்களே ஸ்பேரை எடுத்து மாட்டினார்கள். லைட் எரிந்தது, நெட் வரவில்லை. நெட் லைனுக்குள் நுழைய ரவுட்டர் கொடுக்க வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் லைன் கொடுத்தவரிடம்தான் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. அதைவிடக் கொடுமை, பழைய ரவுட்டர் கொடுத்த ஐபி முகவரிகள் 192.168.1 வரிசை, புதியது 192.168.0 வரிசை. சர்வருக்கும் பிரிண்டருக்கும் ஐபி கையால் போட்டது. கம்ப்யூட்டர்களெல்லாம் புது வரிசைக்கு மாறியதும் சர்வரில் இருந்த டேலி கணக்கு சாஃப்ட்வேரும் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது ஜூனியர் பெண்கள் ஆளுக்கொரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பென்டிரைவில் ஃபைலை மாற்றி மாற்றி ரிட்டர்ன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏனுங்க தம்பி, ஸ்பேர் இருந்தும் இந்தப் பாடா?" என்றார் ஆடிட்டர்.

அங்கே பிறகு இரண்டு மைக்ரோடிக் ரவுட்டர் போட்டு விஆர்ஆர்பி வைத்தேன், அதாவது ஒன்று செத்தால் மற்றது தானாக அதன் இடத்தை எடுக்கும் ஏற்பாடு. ஒன்றுக்கு 192.168.1.2, மற்றதற்கு 192.168.1.3. இரண்டுக்கும் பொதுவான விர்ச்சுவல் ஐபி 192.168.1.1. கம்ப்யூட்டர்களுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், அந்த .1 மட்டும்தான். மெயின் ரவுட்டர் நொடிக்கொரு முறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். தொடர்ந்து மூன்று முறை சத்தம் வராவிட்டால், நான்கு நொடிக்குள் மற்றது எடுத்துக்கொள்ளும். விர்ச்சுவல் ஐபியோடு அதற்குரிய மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) சேர்ந்து போவதால் கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டாம். கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி இரண்டிலும் ஓடட்டும், ஆனால் ஒன்று .50 முதல் .120 வரை, மற்றது .130 முதல் .200 வரை என்று பிரித்துக் கொடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். விஆர்ஆர்பி பார்ப்பது ரவுட்டர் உயிரோடிருக்கிறதா என்பதை மட்டுமே. ரவுட்டர் நன்றாக ஓடி, லைன் மட்டும் கட்டானால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். மைக்ரோடிக்கில் உள்ள நெட்வாட்ச் வைத்து, வெளியே பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகாவிட்டால், மெயினின் பிரையாரிட்டியை (முன்னுரிமை எண்ணை) மற்றதைவிடக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு லைனும் ஒரே போஸ்ட்டில் வந்தால் சாக்கடை தோண்டும் ஜேசிபி இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடும். இரண்டாவது 4ஜி சிம்மாக இருப்பது நல்லது. மாறும்போது வெளி ஐபி மாறுவதால் ஜிஎஸ்டி போர்ட்டலில் மறுபடி லாகின் கேட்கலாம். அதைக் குறையென்று சொல்லாதீர்கள்.

பெரிய கம்பெனி ஆட்கள் 'இதெல்லாம் ஹெச்ஏ (ஒன்று போனாலும் நிற்காத ஏற்பாடு) ஆகாது, ஃபயர்வால் ஜோடியாக வாங்கு' என்பார்கள். அவர்கள் பட்ஜெட் வேறு. நான் பேசுவது மாதக் கடைசியில் சம்பளத்துக்கே யோசிக்கும் ஆபீஸ்களைப் பற்றி. விஆர்ஆர்பிக்கும் வசதியில்லையென்றால் இப்போதிருக்கும் ரவுட்டரின் மாடலிலேயே இன்னொன்று வாங்கி, அதே ஐபி, அதே வைஃபை பெயர், அதே பிபிபிஓஇ விவரம் எல்லாம் ஏற்றி, மெயினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எந்த ஒயர் எந்தப் போர்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஏசி மெக்கானிக் வந்தால் காசை எண்ணிக் கொடுக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் போய் உட்கார்ந்து கான்ஃபிக் போட்டால் 'என்ன பெரிசா செஞ்சீங்க, நாலு பட்டன் தட்டினீங்க' என்கிறார்கள். அந்த நாலு பட்டனைக் கற்க எத்தனை ராத்திரி போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு இதைச் செய்து தருகிறவருக்கு கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

வேலை முடிந்ததும், அவர் கிளம்புவதற்கு முன்பே, சாப்பாட்டு நேரமாகப் பார்த்து மெயின் ரவுட்டரின் அடாப்டரைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் பிங் ஓடட்டும். நாலைந்து வரி தவறி மறுபடி பதில் வந்தால் பணம் கொடுக்கலாம்.