ஜீப்பின் முன் ஷாஃப்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: வத்தல்மலையில் தோட்டம் வைத்திருக்கிறேன். பழைய மஹிந்திரா ஜீப், ஃபோர் வீல். ஃபோர் வீல் லிவரைப் போட்டு ஏறும்போது முன்பக்கம் 'டக் டக்' என்கிறது, வேகம் எடுத்தால் அதிர்கிறது. முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாயான முன் புரொப்பல்லர் ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் நானே செய்யலாமா? – தர்மபுரி வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஷாஃப்ட் வாங்கப் போகும் முன் ஒரு தடவை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஷாஃப்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்குங்கள். கிராஸ் (ஷாஃப்டின் முனையில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இணைப்பு) இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் கிராஸ் மட்டும்தான் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். கிரீஸ் வற்றிய கிராஸைச் சுற்றி துருப்பொடி சிவப்பாக ஒட்டியிருக்கும், நம்ம செம்மண்ணும் அதே நிறம் என்பதால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டி மறுபடியும் பாருங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல் வைத்த சொருகு இணைப்பான ஸ்லிப் ஜாயிண்ட் பல்லு தேய்ந்து ஆடினாலோ குழாய் நசுங்கியிருந்தாலோதான் முழு ஷாஃப்ட்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். லிவர் டூ வீலில் இருக்கட்டும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஷாஃப்டும் சுற்றும், ஒவ்வொரு போல்ட்டாகக் கைக்கு எட்டும்.

கழற்றும் முன் ஷாஃப்டின் இரு முனையிலும் அது போய் உட்காரும் இடத்திலும் பெயிண்டால் ஒரே நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த அதிர்வுப் புகார்களில் நிறைய இந்தக் கோடு இல்லாததால் வந்தவைதான். கிராஸை U வடிவ போல்ட்டால் பிடித்திருக்கும் யூ போல்ட் வகையாக இருந்தால் கிராஸின் தொப்பிகள் வெளியே விழும், உள்ளே ஊசி ஊசியாக இருக்கும் பேரிங்குகளில் ஒன்று மண்ணில் போனாலும் அந்தக் கிராஸ் வீண், அதனால் போல்ட்டைக் கழற்றியதும் எதிரெதிர் தொப்பிகளைச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

புதிய ஷாஃப்டைப் பழையதின் பக்கத்தில் கிடத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். ஸ்லிப் ஜாயிண்ட்டைச் சொருகும்போது கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளினாலும் அதிரும். அப்புறம் ஒவ்வொரு கிராஸின் நாலு தொப்பியிலும் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் அடியுங்கள்.

இன்னொன்று, மலைப்பாதையின் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வண்டியில் அந்த இழுப்பெல்லாம் ஷாஃப்டிலும் கிராஸிலும்தான் போய் விழும். தோட்டத்து மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கிக்கொள்ளும், அங்கே போடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.