மூச்சும் பொத்தானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களுக்கு அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குபவராக, இருக்கிறேன். கல்லூரியில் வகுப்பெடுக்க அழைக்கிறார்கள். மூச்சுப்பயிற்சியும் தியானமும் முறையாகக் கற்றுவருகிறேன். மூன்றையும் சேர்த்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடுமா? ‘முழுமைச் சிகிச்சை’ என்று பலகை வைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பலகை வேண்டாம். உங்கள் துறையே முழுமை என்ற அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் நான்கும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும் என்று மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இலேயே எழுதிவிட்டார். கற்ற மூச்சுப்பயிற்சியைச் சிகிச்சைக்குள் எங்கே வைப்பது என்பதுதான் பார்க்க வேண்டியது.

பக்கவாதத்தில் இடக்கை தளர்ந்தவருக்குச் சட்டை போடப் பழக்குகிறீர்கள். தளர்ந்த கைதான் முதலில் நுழையும்; கழற்றும்போது நல்ல கை முதலில். பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: சட்டைக்கை முழங்கை தாண்டித் தோள்வரை ஏறுவதற்குள் சட்டையை முதுகுப்பக்கம் சுற்றிவிடுகிறார்கள். துணி நழுவுகிறது, அவர் வெட்டி இழுக்கிறார், தோள் வலிக்கிறது. அவசரத்தில் உதவுகிறவர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால் இன்னும் மோசம். தசைகள் தளர்ந்துபோன தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும்.

பொத்தான்களைப் பின்னிருந்து பழக்குங்கள். கடைசிப் பொத்தானைத் தவிர எல்லாவற்றையும் நீங்கள் போட்டுவிட்டு, அதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவராக இருப்பார். ஒரு நேரத்தில் ஒரே குறிப்பு. சொன்னபின் பத்து நொடி வாய்மூடிக் காத்திருங்கள். பேச்சு புரியாதவருக்கு எதிரே நின்று காட்டினால் இடவலம் குழம்பும், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

மூச்சுக்கு இடம் இந்த வேலைக்குள்தான். பொத்தானில் விரல் தடுமாறும்போது பலர் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அங்கே நிறுத்தி, நான்கு எண்ண உள்ளே, ஆறு எண்ண வெளியே, ஐந்தாறு முறை போதும். ஆழமாக வேகமாக இழுத்தால் கரியமில வாயு குறைந்து தலைசுற்றும், விரல்நுனி மரமரக்கும். உடனே ஆழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு மூச்சடக்கும் பயிற்சிகள் கூடவே கூடாது. மன அதிர்ச்சிக்கு ஆளானவரைக் கண்மூடச் சொன்னால் பதற்றம் கூடலாம். கண் திறந்தே, பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கச் சொன்னால் போதும்.

வகுப்பறைக்கும் இதே சட்டையைக் கொண்டுபோங்கள். வலக்கைக்காரர் இடக்கையால் மட்டும் அதைப் போட்டு, ஒவ்வொரு அடியையும் எழுதட்டும். பாடத்தில் மூன்று வரியில் முடிவது தாளில் இருபது அடிக்குமேல் போகும். செயலைப் பகுப்பது என்றால் என்ன என்று அங்கே பிடிபடும். பிறகு இருவராகப் பிரிந்து ஒருவர் நோயாளியாக நடிக்கட்டும். சிகிச்சையாளராக இருப்பவர் இரு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். புதியவர்களின் பெரிய தவறு சீக்கிரம் உதவிவிடுவது. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு மாணவர்களுக்குக் குறைந்தது 1,000 மணிநேரக் களப்பயிற்சி கேட்கிறது. அதில் பாதியாவது இந்தக் காத்திருப்பைப் பழகவே செலவாகும் என்பேன்.

குறிப்பேட்டில் ‘மனம் அமைதியடைந்தது’ என்று எழுதாதீர்கள். உதவியின்றி எத்தனை பொத்தான், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். மூச்சுப்பயிற்சி சேர்த்த இரண்டு வாரத்தில் அந்த எண்கள் நகரவில்லையென்றால், அவருக்கு அதை விட்டுவிட்டு பொத்தான் துளையைப் பெரிதாக்கித் தையுங்கள்.