டாப் 10 பட்டியலை நம்பி பாஸ்வேர்ட் மேனேஜர் எடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். ஆண்ட்ராய்டு, ஐபோன், ஒரு விண்டோஸ் லேப்டாப் என்று எல்லாம் கலந்து இருக்கிறது. பாஸ்வேர்டுகள் பாதி டைரியில், பாதி குரோமில். எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் ஒன்றுக்கு மாறலாம் என்று தேடினால், பட்டியலுக்குப் பட்டியல் முதலிடம் மாறுகிறது. அதிகம் பேர் பயன்படுத்துவதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரின் இலவசக் கணக்கில் தொடங்குங்கள். காரணம் கீழே.

அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது பெரும்பாலும் பழைய செய்தி. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காலத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். 2021 மார்ச்சில், இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ ஏதாவது ஒன்றில்தான் பயன்படுத்தலாம் என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய அடி. வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட் பெட்டகங்களின் காப்பு நகல்கள் திருடுபோனதாக 2022 டிசம்பரில் நிறுவனமே சொன்னது. பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடிதான் இருந்தன, ஆனால் எந்தெந்த இணையதளம் என்ற முகவரிகள் அப்படியே படிக்கிற மாதிரி இருந்தன, அதாவது யாருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று திருடனுக்குத் தெரியும், பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் எளிதானதாக இருந்தால் அவன் நிதானமாக உட்கார்ந்து ஊகித்துப் பார்க்கலாம். இதற்கெல்லாம் முன்னால் எழுதிய புகழுரைகள் இன்றும் தேடலில் வரும். அதனால் பரிந்துரையில் முதலில் பார்க்க வேண்டியது தேதி.

பிளே ஸ்டோரில் தெரியும் டவுன்லோடு எண்ணிக்கை ஏறுமே தவிர இறங்காது. போட்ட மறுநாளே தூக்கியவரும் அந்தக் கணக்கில்தான்.

பட்டியல்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பல தளங்களில், நீங்கள் அந்த லிங்க் வழியாகப் போய்ப் பணம் கட்டினால் எழுதியவருக்குக் கமிஷன் உண்டு. இணைய இணைப்பை மறைத்துக் காட்டும் விபிஎன் சேவைகளின் துறையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சைபர்கோஸ்ட் என்ற விபிஎன்னை வைத்திருந்த கேப் டெக்னாலஜீஸ், 2021-ல் விபிஎன் விமர்சனத் தளங்களை நடத்தும் நிறுவனத்தையே வாங்கியது, அதே ஆண்டு எக்ஸ்பிரஸ்விபிஎன்னையும் வாங்கியது. மதிப்பெண் போடுகிறவரும் மதிப்பெண் வாங்குகிறவரும் ஒரே வீடு! கமிஷன் வாங்குகிறவர் எல்லாம் பொய் சொல்கிறார் என்றில்லை, ஆனால் இலவசமாகவே போதும் என்கிற ஒன்றை முதலிடத்தில் வைக்க அவருக்கு என்ன லாபம்?

அப்புறம் எதைத்தான் படிப்பது? ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, கடந்த சில மாதங்களில் வந்த இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். அங்கேதான் "வங்கி ஆப்பில் தானாக நிரப்புவதில்லை", "ஐபோனில் சேமித்தது லேப்டாப்பில் தாமதமாக வருகிறது" என்று உருப்படியான குறைகள் கிடைக்கும். உங்களைப் போலவே கலப்பாகக் கருவிகள் வைத்திருப்பவர் புலம்புகிறாரா என்று பாருங்கள், மற்றவர் புலம்பல் உங்களுக்குத் தேவையில்லை.

இப்படிச் சலித்தால் உங்கள் வீட்டுக்குப் பிட்வார்டன் நிற்கிறது. இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவிகளிலும் ஓடும், மூல நிரல் (ஆப் எழுதப்பட்ட கோடு) எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்துகொண்டு கிளம்பலாம். ஒரு குறை: இலவசத்தில் இருவர்தான் பாஸ்வேர்டுகளைப் பகிர்ந்துகொள்ள முடியும், நால்வருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் ஆறு பேர் வரையிலான குடும்பத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இணையத்தில் எதையும் வைக்கவே பயம் என்றால் பாஸ்வேர்டுகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாக வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி நல்லது, ஆனால் அந்தக் கோப்பை மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை உங்கள் தலையில் விழும். வீட்டில் எல்லாமே ஆண்ட்ராய்டும் குரோமும் என்றால் கூகுளுடையதே போதும் என்றிருப்பேன்.

மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் பிட்வார்டனே நினைத்தாலும் மீட்டுத் தர முடியாது, அதை மட்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். குரோமில் இருப்பதை சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான பட்டியல்) கோப்பாக எடுத்து பிட்வார்டனில் ஏற்றலாம், ஏற்றியதும் அந்தக் கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், அதில் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக இருக்கும்.